அத்தியாயம் 3: படம் எப்படி வந்தாலும்

நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் பென்சிலைக் கையில் எடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எனக்கு வரையவே வராதுங்க. இனிமே வரைஞ்சு என்ன ஆகப்போகுது?" இந்தப் பக்கம் வரை வந்திருக்கும் உங்களுக்குள்ளும் அந்தக் கேள்வி இருக்கும். "பழகப் பழக வந்துவிடும்" என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஆனாலும் நான் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. பலன் எல்லாம் படம் நன்றாக வந்த பிறகுதான் என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அப்படி நம்பியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

வரைவதால் வரைகிறவருக்குக் கிடைப்பவற்றில் பெரும்பங்குக்கும், படம் சரியாக வந்ததா இல்லையா என்பதற்கும் தொடர்பே இல்லை. முதல் நாளிலேயே அது கிடைக்கத் தொடங்கிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான். நன்றாக வரைவது எப்படி என்பது ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. தயவுசெய்து அவசரப்பட்டு அங்கே தாவிவிடாதீர்கள்.

ஒரு தம்ளர்

நீங்கள் தினமும் காபி குடிக்கும் எவர்சில்வர் தம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவர வேண்டாம், அது சமையலறையிலேயே இருக்கட்டும். நினைவிலிருந்து மட்டும் அதை வரையுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

பெரும்பாலும் மேலே ஒரு நீள்வட்டம், அதன் இரண்டு ஓரங்களிலிருந்தும் கீழிறங்கும் இரண்டு கோடுகள், அடியில் ஒரு படுக்கைக் கோடு என்றுதான் வந்திருக்கும். இப்போது தம்ளரைக் கொண்டுவந்து, கையெட்டும் தூரத்தில் ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே பக்கத்திலேயே இன்னொன்று வரையுங்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் படுவது அடிப்பாகம். தம்ளர் மேஜைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதனால் அடியை நேர்க்கோடாகப் போட்டோம். உண்மையில் அது வளைந்து தெரிகிறது. வாயின் வளைவைவிட அடியின் வளைவு சற்றுக் கூடுதல் என்பதையும் கவனிக்கலாம். கண் மட்டத்திலிருந்து வாயைவிட அடி இன்னும் கீழே இருப்பதுதான் காரணம். அடுத்து விளிம்பு. அது கத்தி முனைபோல் முடிவதில்லை, வெளிப்பக்கம் சுருண்டிருக்கிறது. அந்தச் சுருளுக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்று ஓடுகிறது. பிறகு உடம்பு. எவர்சில்வர் வெள்ளை நிறம் என்று நினைத்திருப்போம். இப்போது பார்த்தால் அதில் நல்ல கறுப்பு இருக்கிறது. ஜன்னல் முழுவதும் ஒடுங்கி ஒரு வெண்கீற்றாக நிற்க, அந்தக் கீற்றை ஒட்டியே மிகவும் இருண்ட பட்டை இறங்குகிறது. மேஜை விரிப்பின் நிறம் அடிப்பக்கத்தில் ஏறியிருக்கிறது. பென்சில் பிடித்த உங்கள் விரல்கள் ஒரு மூலையில் நீண்டு கோணியபடி அசைகின்றன.

இரண்டாவது படமும் கோணலாகத்தான் வந்திருக்கும். பரவாயில்லை. வருடக்கணக்கில் இருவேளை கையில் பிடித்த ஒரு பொருளை இன்றுதான் பார்த்திருக்கிறீர்கள், அது இனி உங்களை விட்டுப் போகாது. நாளைக் காலை காபி வரும்போது உங்கள் கண் தானாகவே அந்தக் கறுப்புப் பட்டையைத் தேடும். நான் பலன் என்று சொல்வது இதைத்தான். கோடு கோணியதால் இதில் ஒரு துளியும் குறையவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் ஒரு இயற்கைக் காட்சி வரைந்திருக்கிறோம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு கூரை வீடு, ஒரு தென்னை, வானத்தில் பறவை என்ற பெயரில் நாலைந்து வளைவுகள். மலையையே பார்த்திராத கடற்கரை ஊர்ப் பிள்ளைகளும் அதைத்தான் வரைந்தார்கள். பொருளைப் பார்க்காமல், பொருளுக்குரிய குறியை எடுத்து வைக்கும் பழக்கம் அது. அன்றாட வாழ்க்கைக்கு அந்தப் பழக்கம் தேவைதான். ஒவ்வொரு தம்ளரையும் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டு வேலை நடக்காது. ஆனால் நாள் முழுவதும், வருடம் முழுவதும் குறிகளோடு மட்டுமே வாழ்ந்துவிடுகிறோம். வரையும் நேரத்தில் அதிலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறோம்.

திறமைக்கு வேலையே இல்லாத பயிற்சி

நியூயார்க் நகரின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் கிமோன் நிக்கொலைடிஸ். அவருடைய பாடங்கள் அவர் இறந்த பிறகு 1941ல் புத்தகமாக வந்தன. ஓவியம் கற்பிப்பவர்கள் இன்றும் அதைக் கையாள்கிறார்கள். அதில் தொடக்கத்திலேயே வரும் பயிற்சி, பொருளின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடி, தாளைப் பார்க்காமல் வரைவது. வரையத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

செய்முறை எளிது. வலக்கைக்காரர் என்றால் இடக்கையை மேஜைமேல் வையுங்கள், விரல்கள் லேசாக மடங்கியிருக்கட்டும். உடம்பைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்தால் தாள் பார்வையில் படாது. தாள் நழுவாமல் இருக்கப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். இடக்கையின் மணிக்கட்டில் ஓர் இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, பென்சில் முனை அந்த இடத்தையே தொட்டுக்கொண்டிருப்பதாக நம்புங்கள். கண் நகரும்போது பென்சிலும் நகர வேண்டும், கண் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். எறும்பு ஊர்கிற வேகம் போதும். நகத்தின் ஓரம், கணுவின் மடிப்பு, மோதிரம் அழுத்திய தடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போங்கள். ஐந்து நிமிடம் ஆகும் வரை தாளைப் பார்க்கக் கூடாது.

பிறகு பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று சேராமல், கட்டைவிரல் எங்கோ தனியாக மிதக்கும். தேர்ந்த ஓவியர் செய்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். தாளைப் பார்க்காதபோது அளவையும் இடத்தையும் சரிபார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் இந்தப் பயிற்சியை இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன். இதில் நன்றாக வரைவது என்ற ஒன்று கிடையாது. அந்தக் கவலை போன பிறகு மிஞ்சுவது கவனம் மட்டும். நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், இந்த ஐந்து நிமிடத்தில்தான் அறை சுத்தமாக அமைதியாகும். கைப்பேசி அடித்தால்கூடச் சிலர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உடம்பு என்ன சொல்கிறது

அந்த அமைதி மனப்பிரமையா என்று கேட்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற கலைச் சிகிச்சை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016ல் வெளியிட்டது. 39 பேரைக் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் தாள்கள் ஆகியவற்றோடு 45 நிமிடம் உட்கார வைத்தார்கள். விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் எச்சில் மாதிரி எடுத்து, மன அழுத்தத்தின்போது உடம்பில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. இதில் நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் செய்தி வேறு. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும், அந்தப் பக்கமே போகாதவர்களுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

சிறிய ஆய்வுதான். எதுவும் செய்யாமல் 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு "படம் வரைந்தால் பிரஷர் இறங்கும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். வரைவது அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக இருக்க முடியாது. ஆனால் ஒரு சாதாரண நாளின் எரிச்சலோடு வந்து உட்கார்ந்து, அரை மணி கழித்துத் தோள் இறங்கி எழுந்திருக்கும் அனுபவத்துக்கு நல்ல ஓவியராக இருக்க வேண்டியதில்லை என்று அந்த 39 பேரில் பெரும்பாலோர் காட்டியிருக்கிறார்கள். நான் கண்டதும் அதுவே.

நினைவில் தங்குவது

மாமல்லபுரத்துக்குப் போகாத தமிழர் குறைவு. அங்கே அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்லப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்தபின் யாராவது, "அதில் பூனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பெரிய யானைகளின் பக்கத்தில், பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள்.

அடுத்த முறை போகும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, அந்தப் பூனையை மட்டும் வரையுங்கள். பாறை முழுவதையும் வரைய ஆசைப்படாதீர்கள், அது சோர்வில்தான் முடியும். பூனையின் தூக்கிய கைகளை வரைந்துகொண்டிருக்கும்போதே, இதே கைகளை மேலே எங்கோ பார்த்தோமே என்று தோன்றும். அண்ணாந்து பார்த்தால், இடப்பக்கம் மேலே, ஒற்றைக்காலில் நின்று அதே மாதிரிக் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறார் தவசி. சிற்பி வைத்த அந்தப் பொருத்தத்தை வழிகாட்டி சொல்லியும் கேட்டிருக்கலாம். வரைகிற கை தானாகக் கண்டுபிடிப்பது வேறு அனுபவம், அது மறக்காது.

மறக்காது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட தொடர் சோதனைகளில், பங்கேற்றவர்களிடம் எளிய சொற்களைக் கொடுத்து, சிலவற்றை வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். பின்னர் நினைவுபடுத்தச் சொன்னபோது, எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே கூடுதலாக நினைவில் இருந்தன. ஒரு சொல்லுக்கு நான்கு விநாடி மட்டும் தந்தபோதும் அப்படியே. படங்கள் அழகாக இருந்தனவா என்பது பெரிய பொருட்டாக இல்லை. இன்னொரு பக்கம், அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களில் புகைப்படம் எடுத்தவற்றை, வெறுமனே பார்த்தவற்றைவிடக் குறைவாகவே பங்கேற்றவர்கள் நினைவு வைத்திருந்தார்கள். கேமரா வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நாம் விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது. ஒரு சிறு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. கவனம் எங்கே நிற்கிறதோ அங்கே நினைவும் நிற்கிறது.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தம் தாயாரின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தார். பேச முடியாத அம்மாவின் கையை ஒரு சிறிய நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்திருக்கிறார். நோட்டைக் காட்டினார். ஓவியம் என்று சொல்ல முடியாத கோடுகள், விரல் எது தலையணை மடிப்பு எது என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிகிறது. "இது மோதிரத்தைக் கழட்டின இடம், சதை உள்வாங்கி இருந்துச்சு. இந்த நகம் மட்டும் கொஞ்சம் பிளந்திருக்கும், இட்லிப் பானை மூடி விழுந்தது" என்று விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்தை யாருக்கும் விற்க முடியாது, சட்டம் போட்டு மாட்டவும் முடியாது. அவரிடம் இருக்கும் புகைப்படங்கள் எதைப் பற்றியும் அவர் அவ்வளவு நேரம் பேசவில்லை.

நம் வாசலில்

திறமை இருந்தால்தான் கலை என்ற நினைப்பு நம் வீடுகளுக்கு அவ்வளவு பழையதில்லை. "எனக்கு வரையவே வராது" என்று சொல்லும் அதே பெண்மணி, பதினைந்து புள்ளியில் சிக்குக் கோலம் போட்டிருப்பார். நேர்ப்புள்ளியா இடுக்குப் புள்ளியா என்று கேட்டால் உடனே பதில் வரும். ஒரு கோடு புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர வேண்டும், எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது. தாளில் வரையச் சொன்னால் பலர் திணறுவார்கள். வாசலில் குனிந்து, கோலமாவை விரலிடுக்கில் விட்டபடி, பேசிக்கொண்டே போட்டுவிடுகிறார். பத்து மணிக்கு சைக்கிள் ஏறும், மத்தியானத்துக்குள் பாதி போய்விடும். அதை யாரும் எடுத்து வைப்பதில்லை, மதிப்பெண் போடுவதில்லை. மறுநாள் வேறு கோலம்.

எல்லாருக்கும் அது இன்பமாகவே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதிகாலையில் எழுப்பிவிடப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு அது கட்டாய வேலை. மார்கழியில் எதிர்வீட்டுக் கோலத்தோடு போட்டியும் உண்டு. ஆனாலும் வீட்டில் எல்லாரும் எழுந்து ஆளாளுக்கு எதையாவது கேட்கத் தொடங்குமுன் தனக்கென்று இருந்த கால் மணி நேரம் அதுதான் என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதைக் கலை என்று சொல்வதில்லை, பயனை மட்டும் அறிந்திருக்கிறார்கள்.

கோலம் போட்டுப் பழகியவர்கள் இந்த நூலின் பயிற்சிகளைத் தனியாகத் தொடங்க வேண்டியதில்லை. புள்ளி வைத்த தாளில் பேனாவால் நான்கு நாள் சிக்குக் கோலம் போடுங்கள். கை தடையில்லாமல் ஓடப் பழகியதும், புள்ளி வைக்காமல் ஒரு வாழையிலையின் விளிம்பை அதே ஓட்டத்தில் வரையுங்கள். நரம்புகள் நடுத்தண்டிலிருந்து எப்படிப் புறப்படுகின்றன என்று பார்த்துப் போடுங்கள்.

வெள்ளைத்தாள் பயம்

தொடங்கவே விடாமல் தடுக்கும் பயம் ஒன்று உண்டு. புது நோட்டின் முதல் பக்கம். நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கம். உலகப் போரை நடத்தியவருக்கும் அது இருந்திருக்கிறது. 1915ல் டார்டனெல்ஸ் படையெடுப்பு தோற்று, கடற்படை அமைச்சர் பதவியை இழந்து, மனம் நொந்துபோய் ஒரு கிராமத்து வீட்டில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், தம் நாற்பதாவது வயதில் முதன்முறையாக எண்ணெய் வண்ணம் வாங்கினார். வெள்ளைத் திரையின் முன் உறைந்து நின்று, அவரைக்காய் விதையளவு நீலத்தைப் பயந்து பயந்து வைத்தாராம். அப்போது அங்கே வந்த ஓவியர் ஹேசல் லேவரி, பெரிய தூரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, நீலத்தைத் தோய்த்துத் திரையில் வீசி இழுத்துவிட்டார். திரை திருப்பி அடிக்கவில்லை என்று கண்டதும் சர்ச்சிலின் பயம் போயிற்று. பின்னாளில் இதை அவரே கட்டுரையாக எழுதினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை அவர் வரைந்தார். அரசியலில் வீழ்ந்த காலங்களில் அவரை நிமிர்த்தி வைத்தவற்றில் அதுவும் ஒன்று.

தாகூர் இந்தப் பயத்தை வேறு வழியில் கடந்தார். ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவரல்ல அவர். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்கள் பார்க்க அருவருப்பாக இருக்கின்றன என்று, அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று கோத்து உருவங்களாக்கத் தொடங்கினார். 1924ல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது எழுதிய பிரதியில் இருந்த அந்தக் கிறுக்கல்களைப் பார்த்து வியந்த விக்டோரியா ஒகாம்போதான், 1930ல் பாரிஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடக்க உதவியவர். அப்போது தாகூர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1941ல் மறையும்முன் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். கண்காட்சி வரை போனார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய தொடக்கம் ஏற்கெனவே கெட்டுப்போன ஒரு பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, நோட்டு வாங்கிய அன்றே முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுங்கள். தேதி போடுங்கள். பென்சில்களை எல்லாம் கிறுக்கிப் பாருங்கள். தம்ளரின் ஈர அடியை அழுத்தி வட்டம் பதியுங்கள். விலை கூடிய ஸ்கெட்ச் புத்தகத்தை யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கோடு போடாத சாதாரண நோட்டையோ, ஒருபக்கம் அச்சான தாள்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். 2பி, 4பி பென்சில் இரண்டு போதும். முதல் மாதம் அழிரப்பர் வேண்டாம். அழித்து அழித்துத் திருத்துகிறவர் பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். தவறிய கோட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள்.

பலனைக் காப்பாற்றிக்கொள்வது

இவ்வளவு எளிதில் கிடைப்பது அதே அளவு எளிதில் கைநழுவியும் போகும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் அடுத்தவர் கண். முதல் இரண்டு மாதம் யாருக்கும் காட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போடாதீர்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். "என்னப்பா இது, யானையா எருமையா?" என்று பிள்ளைகள் சிரித்தால் வருத்தப்படுவோம் என்பது தெரிந்ததே. பாராட்டும் கெடுக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. பத்துப் பேர் கைதட்டும் இமோஜி போட்டால், மறுநாள் வரைய உட்காரும்போது அந்தப் பத்துப் பேரும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். கண் பொருளின்மேல் நிற்காது. வீட்டில், "நான் வரையறேன், பார்க்கக் கேட்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு துணை வேண்டும் என்று தோன்றினால் ஆள் பார்த்துச் சேருங்கள். 2007ல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகையாளர் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இன்று உலகின் பல நகரங்களில் இருக்கிறது. இடத்துக்கே போய், அங்கேயே உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரைவது அவர்கள் முறை. முடிந்ததும் எல்லாருடைய நோட்டுகளையும் தரையில் பரப்பி வைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. ஒரே தேரை ஒருவர் சக்கரமாகவும் ஒருவர் வடமாகவும் பார்த்திருப்பார், அந்த வித்தியாசத்தில்தான் சுவை. உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்தாலும் இதே முறையில் செய்யலாம். திருத்தம் சொல்லியே தீருவேன் என்கிறவர் கூட்டத்தில் இருந்தால், அவர் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் முதல் வருடம் அவர் பக்கத்தில் உட்காராதீர்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்து இருங்கள். மூன்று நான்கு வாரத்தில், முன்பைவிட மோசமாக வரைகிறோம் என்று தோன்றும். முதல் வாரத்துத் தம்ளர் திருப்தியாக இருந்தது, இப்போது வரைவது எல்லாம் தப்பாகத் தெரிகிறது. பலர் நிறுத்திவிடும் இடம் இது. நடந்திருப்பது என்னவென்றால், கண் கையைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. முகத்தில் கண்கள் தலையின் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கின்றன என்பது முன்பு தெரியாது, உயரத்தில் போட்டுவிட்டு மகிழ்ச்சியாக இருந்தோம். இப்போது தெரிகிறது, அதனால் உறுத்துகிறது. உறுத்தல் வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் தேதி போட்டுத் திருப்புங்கள். இரண்டு நாள் தாளைப் பார்க்காத பயிற்சிக்குத் திரும்புங்கள். மதிப்பிடுவதற்கு எதுவும் இல்லாத அந்த ஐந்து நிமிடத்துக்குப் போனால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்கு

நேரத்தை நாளின் ஏதாவது ஒரு வேலையோடு ஒட்டவையுங்கள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம், பிள்ளை டியூஷன் முடிந்து வரும்வரை வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் எதுவானாலும் சரி. பத்து நிமிடம் போதும். வீட்டில் உள்ள பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயில் தொடங்கலாம், அதன் காம்பு காயைப் பிடித்திருக்கும் இடத்தில் உள்ள முள்ளும் மடிப்பும் ஒரு நாளுக்குப் போதுமானது. அடுத்து ஒரு ஜோடி செருப்பு. யாருடையது என்று பெயர் எழுதாமலே தெரியும்படி அது எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு கொடியில் காயும் சட்டை, உறங்கும் பூனை, ஜன்னல் கம்பி வழியே தெரியும் மரத்தின் ஒரே ஒரு கிளை. பூனை நடுவில் எழுந்து போய்விட்டால் பாதிப் படத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள். படம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம். இதுவரை பார்க்காத எதை இன்று பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். "செருப்பின் வலது குதி மட்டும் தேய்ந்திருக்கிறது, அவர் சாய்ந்து நடக்கிறார் போல" என்பது போதும். எழுத ஒன்றும் இல்லாத நாளில் அதே பொருளை மறுநாளும் வையுங்கள், இடத்தை மாற்றி, வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழும்படி.

பேருந்தில் போகிறவர்கள் பென்சிலைவிட பால்பாயிண்ட் பேனாவை வைத்துக்கொள்வது வசதி. முனை உடையாது, குலுக்கலில் கோடு நடுங்கினாலும் அழிக்கத் தோன்றாது. முன் சீட்டுக்காரரின் பின்னங்கழுத்து, கம்பியைப் பிடித்திருக்கும் கைகள், கண்டக்டரின் பை என்று ஆட்களுக்குத் தெரியாமல் வரைய நிறைய இருக்கும். யாராவது கவனித்துவிட்டால் நோட்டை மூடிவிட்டு ஒரு புன்னகை செய்யுங்கள், பெரும்பாலும் அவர்களே "எங்கே, காட்டுங்க" என்பார்கள். முதல் இரண்டு மாதம் காட்ட வேண்டாம், அதன் பிறகு உங்கள் விருப்பம். ஓடும் ஆட்களையும் அசையும் கைகளையும் பிடிப்பது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.